துளசிமணி வரிக்கணக்குக் கொடுத்த வருடம்

ஜூன் 16

இந்த டைரி ஆடிட்டர் நமச்சிவாயம் ஜனவரியில் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பார். தறி ஓடிய காலத்தில் நூல் வந்தது, துணி போனது என்று எழுதப் பக்கம் போதாது. இந்த வருடம் ஜூன் பாதி வரை எல்லாம் வெள்ளையாகவே கிடக்கிறது. நல்ல காகிதம், வீணாகப் போகக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. ஊர் பள்ளிப்பாளையம். பதினாறு விசைத்தறிக்கு முதலாளி. தற்சமயம் தறியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறேன். மார்க்கெட் சரியில்லை.

மனைவி துளசிமணி. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். போன வருடம் ஜூனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில், ஈரோட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் பார்ட் டைமாகப் பாடம் எடுக்கிறாள். சாயங்காலம் நாலு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலையும் உண்டு. அவளுக்கு நேரம் போக வேண்டுமே என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

மகள் மௌனிகா. பேர்தான் அப்படி. காலையில் திறந்த வாயைத் தூங்கும்போதுதான் மூடுவாள். கோயமுத்தூரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்துவிட்டது. முன்பணம் கட்டியாயிற்று. மீதி ஃபீஸை ஆகஸ்ட் கடைசிக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கென்ன, பேங்கில் கல்விக்கடன் எடுத்தால் போயிற்று. இருபது வருடம் வரிக்கணக்குக் கொடுத்தவன் நான். என்னைப் பார்த்தால் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுவார்.

இன்று புதினாத் துவையல் அரைத்தேன். நன்றாக வந்தது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்காது.

ஜூன் 24

தண்ணீர் விடும் நாள். எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன். துணி துவைத்துக் காயப்போட்டேன். மூன்றரைக்குத் துளசியை டி.வி.எஸ்.ஸில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி விட்டுவிட்டு வந்தேன். சென்டர் வாசல் வரை போவதில்லை, தெருமுக்கிலேயே இறக்கி விடுவேன். அங்கே வண்டி திருப்ப இடம் இல்லை.

மௌனிகா சொல்கிறாள், அந்தத் தெருவில் லாரியே திரும்புமாம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

ஜூலை 3

ஈரோட்டில் இருக்கும் பேங்குக்குப் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நானே தேய்த்துக்கொண்டேன்.

மேனேஜர் சின்ன வயதுப் பெண், திருச்சிப் பக்கத்துப் பேச்சு. எழுந்து நாற்காலி போடவில்லை. நாற்காலி முன்பே அங்கே கிடந்தது.

"பொண்ணோட சேர்ந்து கடனுக்குக் கையெழுத்துப் போடப்போறது நீங்கதானே சார்? வரிக்கணக்கு குடுத்த பேப்பரைக் காட்டுங்க."

ஃபைலை நீட்டினேன். நீல நிற ஃபைல், இருபது வருடக் கணக்கும் அதில் இருக்கிறது. அவர் மேலே இருந்த இரண்டைப் புரட்டினார்.

"கடைசியா குடுத்தது மூணு வருஷத்துக்கு முன்னாடியா இருக்கே சார்?"

"மார்க்கெட் சரியில்லீங்க. அதான்."

"சரி. அதுலயும் வருஷத்துக்கே ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்தான் காட்டியிருக்கீங்க. மாசம் பதினாறாயிரம் கூட வரல. இதை வெச்சு எப்படி சார் கடன் குடுக்கறது?"

"அது காட்டுனதுங்க. இருந்தது வேறங்க. பதினாறு தறி ஓடுச்சு. எட்டுப் பேரு எங்கிட்ட வேலை செஞ்சாங்க. போனஸ் மட்டுமே அதுக்கு மேல குடுத்திருக்கறனுங்க."

"பேப்பர்ல இல்லையே சார்."

மரியாதைக் குறைவாக அவர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன்.

எங்கள் ஊரில் தறி வைத்திருப்பவன் எவனும் வருமானத்தை முழுதாகக் காட்டியதில்லை. அதைத் தப்பென்று யாரும் நினைத்ததும் இல்லை. வரி வராத மாதிரி ஒரு தொகையைச் சொல்வோம், ஆடிட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். யார் எவ்வளவு குறைத்துக் காட்டினார் என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இருபது வருடமாக நான் ஒன்றுமில்லாதவன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு பேங்க் அதை நம்பிவிட்டது.

ஜூலை 4

மாவு ஆட்டினேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 7

துளசியின் அண்ணன் மோகனசுந்தரம் கோபியில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். கேட்டால் கொடுப்பார். கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தியில் வைத்துச் சொல்லவும் செய்வார். எங்கள் கல்யாணத்தின்போதே, தறிக்காரனுக்குப் படித்த பெண்ணைக் கொடுக்கிறோமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் அவர்.

காலை பஸ்ஸில் கோபி வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

ஜூலை 9

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாதம் செய்திருந்தேன். மௌனிகா பேங்க் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"அப்பா, இதுல அப்பா இல்லாட்டி அம்மான்னு போட்டிருக்குதுங்க. அப்பாதான் கையெழுத்துப் போடோணும்னு இல்லீங்க."

துளசி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏனுங்க, என்ற கணக்கைக் குடுத்தா ஆகாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயென்ன கலெக்டரா? பார்ட் டைம் வேலைக்கு வரிக்கணக்காம். உன்ற வருமானத்துக்கு வரியே வராது. வரி வராதவன் எதுக்குக் கணக்குக் குடுக்கோணும்?"

"மாசாமாசம் எனக்குத் தர்ற பணத்துல பத்துப் பர்சென்ட் புடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டறாங்க. அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்குதுங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். பிறகு ரசம் கேட்டாள். ரசம் வைக்கவில்லை.

ஜூலை 11

ஈரோட்டில் ஆடிட்டர் நமச்சிவாயத்திடம் துளசியை அழைத்துப் போனேன். அவர் வாயாலேயே வேண்டாம் என்று கேட்டால் அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

நமச்சிவாயம் வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அக்கா, உங்க வருமானம் லிமிட்டுக்குள்ள வருதுங்க. குடுத்தே ஆகோணும்னு இல்லீங்க."

"குடுக்கக் கூடாதுன்னு இருக்குதுங்களா?"

"அப்படி இல்லீங்க. புடிச்ச பணம் திரும்ப வேணும்னா கணக்குக் குடுத்துத்தான் வாங்கோணும். குடுக்காட்டி அது அப்படியே அரசாங்கத்துக்கிட்டயே இருந்துக்கும். புதுசா வேலைக்குப் போறவங்க நெறையப் பேரு, நமக்குத்தான் வரி இல்லியேன்னு அதை விட்டுடறாங்க. ஜூலை முப்பத்தொண்ணுதான் கடைசி நாள்."

"அப்பப் பண்ணீரலாமுங்க. வூட்ல காலையில ட்யூஷன் எடுக்கறேன், அதையும் சேத்தோணும்."

நமச்சிவாயம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "ட்யூஷன் காசை யாருங்க்கா காட்டறாங்க? கையில வாங்குனது. விட்டுருங்க."

துளசி எழுந்து கும்பிட்டாள். "நானே போட்டுப் பாக்கறனுங்க. சந்தேகம் வந்தாக் கேக்கறேன்."

என் ஆடிட்டர். என் முன்னாலேயே நானே போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். திரும்பி வரும்போது பாலத்தில் வண்டியை வேகமாக ஓட்டினேன். டி.வி.எஸ். என்ன வேகம் போகுமோ அந்த வேகம்.

ஜூலை 14

குமாரபாளையத்தில் ஒரு பெரிய தறிக்கூடத்தில் சூப்பர்வைசர் வேண்டும் என்று போர்டு பார்த்தேன். உள்ளே எப்படி ஓட்டுகிறார்கள் என்று சும்மா பார்த்துவிட்டு வந்தேன். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களைத்தான் எடுக்கிறார்களாம். சும்மா கேட்டு வைத்தேன்.

ஜூலை 19

சென்டரிலிருந்து லேப்டாப்பை இரவல் வாங்கி வந்து, துளசியும் மௌனிகாவும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சென்டர்காரர் கொடுத்த பணம், பிடித்த பணம் எல்லாம் அரசாங்கத் தளத்தில் தானாகவே வந்து நின்றது. ட்யூஷன் காசு அதில் இல்லை. எப்படி இருக்கும்? கையில் வாங்கியது.

துளசி ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிச் சொல்லிக் கூட்டினாள். கடைசி வீட்டு ரித்தேஷ், அவன் தங்கச்சி, சாயப்பட்டறைக்காரர் பையன், டெய்லர் வீட்டு இரட்டைப் பெண்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கையில வாங்குன காசுக்கெல்லாம் எவனாச்சும் கணக்குக் குடுப்பானா? அரசாங்கத்துக்கு அது எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்களே."

"துளசி, இருவது வருசம் நான் இந்த ஊர்ல..."

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தந்தனுங்க. காய்ச்சல்லயும் சொல்லித் தந்தேன். திருடுனதுன்னா மறைக்கலாம். நான் வேலை செஞ்சதை நானே எதுக்குங்க மறைக்கோணும்?"

அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கும்போது வீட்டுக்குச் சம்பாதிக்கிறவள் என்று நீ பேப்பர் கொடுத்தால் என் பேர் என்ன ஆவது என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டில் டி.வி.யின் ஒலியைக் குறைத்தார்கள்.

துளசி லேப்டாப்பை மூடி வைத்தாள். மௌனிகா இன்றைக்குத்தான் பேருக்கு ஏற்ற மாதிரி இருந்தாள்.

ஜூலை 20

துளசி எல்லாம் முடித்துவிட்டாளாம். கடைசியில் அவள்தான் கொடுத்தாள் என்று உறுதி செய்ய ஓ.டி.பி. எண் வரும். அது என் போனுக்குத்தான் வரும். அவள் ஆதார் எடுத்த நாளில் என் நம்பரைத்தான் கொடுத்தோம், எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் போடாவிட்டால் கணக்குக் கொடுத்ததாகவே ஆகாது.

நான் வெளியில் இருந்தேன். போனில் சார்ஜ் இல்லை.

ஜூலை 21

இன்றும் சார்ஜ் இல்லை.

ஜூலை 22

"அப்பா, போன்ல எண்பது பர்சென்ட் இருக்குதுங்க" என்றாள் மௌனிகா.

என் போனை எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். பால் கணக்கு பார்க்க எடுத்தாளாம். பொய். பால் கணக்கு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறது, நான்தான் ஒட்டினேன்.

துளசி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றரைக்கு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். முக்கில் இறங்கி, "வரேனுங்க" என்றாள். என்றைக்கும் சொல்வதுதான்.

ஜூலை 24

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

எட்டேகால் மணிக்கு வழக்கம்போலத் தெருமுக்கில் வண்டியை நிறுத்தி நின்றேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு கடை கூட இல்லை. வேறு வழியில்லாமல் சென்டர் கட்டடத்துக்குள் ஓடினேன். இந்த ஒரு வருடத்தில் நான் அதற்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. வாசலில் வண்டி திருப்ப இடம் தாராளமாகத்தான் இருக்கிறது.

வாட்ச்மேன் வயதானவர். "யாரைப் பாக்கோணுங்க?"

"சும்மா மழைக்கு ஒதுங்குனனுங்க."

உள்ளே துளசியின் குரல் கேட்டது. வீட்டில் கேட்கும் குரல் இல்லை. கணீரென்று இருந்தது. படிக்கட்டு ஓரத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறுபது பிள்ளைகள் இருப்பார்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஒரு பையன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"விடை சரிதான் கண்ணு. எப்படி வந்துச்சுன்னு எழுதவே இல்லியே? மனசுல போட்டேங்கறே. நீ பட்ட பாட்டை நீயே முழுங்கீட்டா திருத்தறவரு எதுக்கு மார்க் போடுவாரு? ஒவ்வொரு வரியா எழுது. அடிச்சாலும் பரவால்ல, எழுது."

பையன் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். துளசி பலகைப் பக்கம் திரும்பினாள். முழங்கை வரை சாக்பீஸ் தூள். நான் அவளைக் கல்யாணம் செய்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இவளைத்தான் எனக்குத் தெரியாது.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். "துளசி மேடம் கிளாஸுங்க. இந்த ஒரு அறையில மட்டும்தான் சத்தமே வராது. மேடம் வூட்டுக்காரரு தெனமும் முக்குலயே நிப்பாராமுங்க. மழையில நனைவாரோ என்னமோ."

"ஏன், உள்ள வர மாட்டாருங்களா?"

"கூச்ச சுபாவமாமுங்க. மேடம் சொல்லுவாங்க. பெரிய தறி முதலாளியாமுங்க, பதினாறு தறி. அவ்வளவு வேலையிலயும் தெனம் என்னைக் கொண்டாந்து விட்டுக் கூட்டீட்டுப் போறாருன்னு மேடத்துக்கு அத்தனை பெருமை."

"அப்படிங்களா" என்றேன்.

தறி பதினாறையும் எடைக்குப் போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. லாரியில் ஏற்றியபோது துளசி என் பக்கத்தில்தான் நின்றாள். தறிக்கூடத்தில் இப்போது யாரோ கோழித்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தவள்தான் இங்கே வந்து அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் ஊரில் யாரிடமும் என் மனைவி டீச்சர் என்று சொன்னதில்லை. நேரம் போகப் போகிறாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மழை விட்டது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கினார்கள். துளசி படியில் இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வாட்ச்மேனிடம் நானே சொன்னேன்.

"நான்தானுங்க மேடத்தோட வூட்டுக்காரரு."

ஜூலை 25

காலையில் போனை மேஜையில் துளசியின் முன்னால் வைத்தேன்.

"சார்ஜ் இருக்குதுங்களா?" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. குரலில் கொஞ்சம் இருந்தது.

அவள் லேப்டாப்பில் தட்ட, என் போனில் எண் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை ஆறு எண்ணில் கடைசி இரண்டை மாற்றிப் படித்துவிட்டேன். மௌனிகா போனைப் பிடுங்க வந்தாள். தர மாட்டேன் என்றுவிட்டேன். நான்தான் படிப்பேன். மூன்றாவது தடவை ஒவ்வொரு எண்ணாக, ஏலம் விடுகிற மாதிரி உரக்கப் படித்தேன்.

பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. பக்கத்தில் துளசியின் பெயர்.

ட்யூஷனையும் சேர்த்து மூன்று லட்சத்துச் சொச்சம். நல்ல நாளில்கூட நான் இவ்வளவு காட்டியதில்லை. அரசாங்கத்தின் ஏட்டில் இந்தக் குடும்பத்திலேயே அதிகம் சம்பாதித்த ஆள் என் மனைவிதான். பார்ட் டைமில்.

மதியம் ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 2

துளசி இ-சேவை மையத்துக்குப் போய் ஆதாரில் தன் போன் நம்பரை மாற்றிக்கொண்டாள். அடுத்த வருடம் என் போன் தேவைப்படாதாம். நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன், வரிசையிலும் நான்தான் நின்றேன். ஒரு மணி நேரம்.

நியாயம்தான்.

ஆகஸ்ட் 13

பிடித்த பணம் முழுதும் துளசியின் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. மௌனிகாவுக்கு ஹாஸ்டலுக்கு வாளி, போர்வை, பூட்டு எல்லாம் வாங்கினாள். சென்டர் வாட்ச்மேனுக்கு ஒரு குடை வாங்கினாள். எனக்கு ஒரு வேட்டி. எதற்கு என்றேன். பழசில் மஞ்சள் கறை இருக்கிறதாம். இருக்கிறது, சாம்பார்.

சாயங்காலம் டீக்கடையில் பேச்சு வரியைப் பற்றி வந்தது. ஆளாளுக்கு எவ்வளவு குறைத்துக் காட்டினோம் என்று பீற்றிக்கொண்டார்கள். நான் டீயை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"எங்க வூட்ல மூணு லட்சத்துக்கு மேல காட்டியிருக்கறமுங்க. பைசா விடல."

மாரப்பன் என் தறியில் பாவு நூல் ஏற்றும் வேலை செய்துகொண்டிருந்தவன், இப்போது சொந்தமாக ஆறு தறி ஓட்டுகிறான். "என்னங்க ஓனர், தறியைத்தான் எடைக்குப் போட்டாச்சே. எதைக் காட்டுனீங்க?"

"என்ற பொண்டாட்டி சம்பாத்தியத்தை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன். வீடு வரை நடந்தே வந்தேன், நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 22

மூன்று பேரும் பேங்குக்குப் போனோம். டி.வி.எஸ்.ஸில் மூன்று பேர் போகக் கூடாது என்று மௌனிகா பஸ்ஸில் வந்தாள்.

அதே மேனேஜர். துளசி கொடுத்த தாளைப் படித்தார். சென்டரில் கொடுத்த சான்றிதழையும் படித்தார். மறுபடியும் முதல் தாளுக்குப் போனார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபீஸ் கட்ட இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இது நடக்காவிட்டால் கோபி பஸ்ஸில் ஏறுவதைத் தவிர வழியில்லை. இந்தத் தடவை டீயோடு திரும்ப முடியாது.

"ஒரு வருஷக் கணக்குதான் மேடம் இருக்கு" என்றார்.

"போன வருசம்தானுங்க வேலைக்குச் சேந்தேன்" என்றாள் துளசி.

"ட்யூஷன் கூடத் தனியா எழுதியிருக்கீங்களே. இதையெல்லாம் யாரும் காட்ட மாட்டாங்க." தாளை மேஜையில் வைத்தார். "அதைச் சேர்த்திருக்கறதாலதான் கணக்கு சரியா வருது. இந்தத் தொகைக்கு இது போதும் மேடம். குடுத்துடலாம்."

மௌனிகா என் கையைக் கிள்ளினாள். வலித்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் விவரம் மட்டும் கேட்டுக்கறேன். அம்மா தொழில், டீச்சர். அப்பா என்ன பண்றாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் துளசி முந்திக்கொண்டாள். "அவரு தறி வெச்சிருக்காருங்க. பதினாறு தறி..."

பாவம், பழக்கமாகிவிட்டது அவளுக்கு. என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பேசி. அவள் கையின் மேல் கையை வைத்தேன். பேங்கில், எல்லோரும் பார்க்க, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"தறி இல்லீங்கம்மா. போன வருசமே வித்தாச்சு. இப்ப நான் வூட்டைப் பாத்துக்கறனுங்க."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "ரிடயர்டுன்னு போட்டுடவா சார்?"

"ரிடயர் ஆகலீங்க. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வேலை இருக்குது. சமையல், தண்ணி புடிக்கறது, துணி தொவைக்கறது, மேடத்தைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டீட்டு வர்றது."

"சிஸ்டத்துல அதுக்கு இல்லத்தரசின்னுதான் சார் இருக்கு."

"அதையே போடுங்க."

"வருமானம்?"

"சைபருங்க."

அவர் அடித்தார். பெயர் சென்னியப்பன், தொழில் இல்லத்தரசி, வருமானம் சைபர். இருபது வருடத்தில் கூட்டாமல் குறைக்காமல் நான் கொடுத்த ஒரே கணக்கு அதுதான். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. துளசி தலையைக் குனிந்துகொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு சொட்டு தாளில் விழுந்தது. மேனேஜர் வேறு தாள் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பாலத்தில் ஏறினோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலம் பாதி தாண்டியதும் துளசி என் காதருகே சொன்னாள்.

"பேங்க்ல பொய் சொல்லீட்டீங்க."

"என்ன பொய்?"

"வூட்டைப் பாத்துக்கறேன்னீங்களே. நேத்துப் பாலைப் பொங்க விட்டு அடுப்பெல்லாம் ஊத்தி வெச்சது யாருங்க?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். சிரிப்பில் ஹேண்டில் பார் ஆடியது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

என் மனைவி துளசிமணி ஒரு டீச்சர். சம்பாதித்த ஒவ்வொரு காசுக்கும் அவளாகவே கணக்குக் கொடுத்தவள். அந்தக் கணக்கை வைத்து என் மகள் படிக்கப் போகிறாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமையோ அவ்வளவையும் இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். குறைத்துக் காட்டவில்லை.